சவுக்கும் குயிலும் பலகையில் ஏறலாமா? ஊசியிலை மரம் – பாட்டுப்பறவை ஒப்பீடு, ராமநாதபுரம் கடற்கரைக்கு

1 | பாக்நீர்

வணக்கம். மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பசுமைப்படைக்காக ஆறடிக்கு நாலடியில் ஒரு பலகை எழுத வேண்டும். தலைப்பு "ஓர் ஊசியிலை மரமும் ஒரு பாட்டுப்பறவையும்". படிக்கப்போவது ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள். இப்போதுள்ள வரைவு இதுதான்:

மரம்: சவுக்கு. பறவை: குயில். வரிசைகள்: வகை, அளவு, உணவு, இனப்பெருக்கம், ஆயுள், மனிதருக்குப் பயன். சவுக்குக்கு "ஊசியிலை, கூம்புக்காய், என்றும் பசுமை" என்றும், குயிலுக்கு "இனிய குரல், மரக்கிளை வாழ்க்கை" என்றும் எழுதியிருக்கிறேன்.

இரண்டும் நம் கரையில் எல்லோரும் அறிந்தவை என்பதால் எடுத்தேன். எழுத்துக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். பிழை இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

2 | உடைங்காடு

டீச்சர், மரத்தை மாற்றியாக வேண்டும். சவுக்கு ஊசியிலை மரம் இல்லை. பூக்கும் மரம் அது. ஓக், வால்நட் இருக்கும் வரிசைக்குள் வருகிறது.

பிள்ளைகளே கையால் சரிபார்க்கலாம். ஊசி என்று நாம் நினைக்கிற பச்சைக் குச்சி ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல இழுங்கள். கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில் கிரீடம் மாதிரிச் சின்னச் சின்னப் பற்கள் வட்டமாக நிற்கும். சவுக்கின் இலைகள் அந்தப் பற்கள்தாம். பச்சைக் குச்சி முழுவதும் தண்டு. ஒளிச்சேர்க்கையைத் தண்டு எடுத்துக்கொண்டதால் இலை பல்லளவுக்குச் சிறுத்துவிட்டது. இலைத்துளைகள் குச்சியின் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும். உப்புக்காற்றிலும் மணல் வெக்கையிலும் தண்ணீர் வீணாகாமல் நிற்பதற்கு அந்தப் பள்ளங்கள் ஒரு முக்கியக் காரணம்.

பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் பற்களை எண்ணச் சொல்லுங்கள். நம் பழைய கடற்கரைச் சவுக்கில், அதாவது கேசுவரினா ஈக்விசெட்டிஃபோலியாவில், பெரும்பாலும் 7 அல்லது 8 இருக்கும். ஒரே குச்சியில் எண்ணிவிட்டு நிறுத்த வேண்டாம். ஒரு மரத்துக்கு ஐந்து குச்சி, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியில் இரண்டு கணு. நுனிக் கணுவில் பற்கள் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைவாகத் தெரியும். காய்ந்து உதிர்ந்த குச்சியில் பற்கள் முறிந்திருக்கும். பச்சைக் குச்சியைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து காய். கூம்பு மாதிரி இருக்கிறதே என்பதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். பைன் கூம்பில் செதிலின் மேல் விதை மூடாமல் கிடக்கும். சவுக்குக் காயில் ஒவ்வொரு வாய்க்குள்ளும் சிறகுள்ள ஒரு பொருள் இருக்கிறதே, அது ஒரு முழுக் கனி. விதை அதற்குள் மூடிக் கிடக்கிறது. அந்தக் காய் ஒரு பூக்கொத்திலிருந்து வந்தது. பெண் பூக்கொத்து கிளையோரம் சிவப்பு நூல்குஞ்சம் மாதிரி நிற்பதைப் பருவத்தில் பார்க்கலாம். பூ இருந்தால் அது ஊசியிலை வகுப்பில் சேராது. பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

3 | தூக்கணாங்கூடு

மரத்துக்குச் சொன்ன அதே பிழை பறவையிலும் இருக்கிறது டீச்சர். குயில் பாட்டுப்பறவை இல்லை.

"பாட்டுப்பறவை" என்பதற்கு அறிவியலில் பொருள், இனிமையாகக் கூவும் பறவை என்பதல்ல. பாசெரிஃபார்மிஸ் என்ற பெரிய வரிசைக்குள் ஆசின் என்ற துணை வரிசையைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஏறக்குறைய 5,000 இனங்கள். அடையாளம் தொண்டையில். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற குரல் உறுப்பு, அதை இழுத்துப் பிடிக்கப் பல இணைத் தசைகள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே இயக்க முடிவதால் சில இனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும். இரண்டாவது அடையாளம், பாட்டைக் கேட்டுக் கற்பது.

குயில் வேறு வரிசை. அதன் குஞ்சு காக்கைக் கூட்டில் காக்கையிடம் வளர்கிறது. பெரிதானதும் குயிலாகத்தான் கூவுகிறது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லாமலே வரும் குரல் அது. வளர்த்த காக்கை இருக்கிறதே, அதுதான் உண்மையில் பாட்டுப்பறவை! "கா" என்றாலும் ஆசின் கிளை, சிரிங்ஸ் தசைகள் எல்லாம் முழுமையாக உண்டு.

இன்னொரு பொறி ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தில் நம் பக்கம் வருகிறது, அழகாகச் சீட்டியடிக்கிறது, பாசெரிஃபார்மிஸ் வரிசையிலும் இருக்கிறது. ஆனால் ஆசின் கிளையில் இல்லை. அதையும் எடுக்க வேண்டாம்.

4 | பாக்நீர்

இரண்டுமே போச்சா! சரி, நல்லதுதான், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி தெரிந்தது. அப்படியானால் நம் மாவட்டத்தில் ஊசியிலை மரமே கிடையாதா அண்ணே? காக்கையைப் போட்டால் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம் சொல்லுங்கள்.

5 | உடைங்காடு

இயற்கையாக வளர்வது ஒன்றும் கிடையாது. தென்னிந்தியா முழுவதிலும் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் (ஊசியிலை வகுப்பின் இன்னொரு பெயர்) ஒரே ஒன்று: நகேயா வாலிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் நிற்கிறது. நரம்பாலி என்பார்கள். அதற்கு ஊசியிலை கிடையாது! அகலமான இலை, நீளவாக்கில் இணை நரம்புகள். ஊசி இருந்தும் சவுக்கு ஊசியிலை மரம் இல்லை. ஊசி இல்லாமலும் நரம்பாலி அந்த வகுப்பு. பலகையில் "ஊசியிலை மரம்" என்று எழுதும் இடத்தில் கீழே "திறந்த விதைத் தாவரம்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். இலையை வைத்தோ காயை வைத்தோ பெயர் வந்திருந்தாலும் வகுப்பைத் தீர்மானிப்பது விதை மூடியிருக்கிறதா என்பதுதான்.

தேவதாரு என்று யாராவது சொன்னால் உடனே ஏற்காதீர்கள். மூன்று மரத்துக்கு அந்தப் பெயர் ஓடுகிறது. இமயமலையின் செட்ரஸ் டியோடரா உண்மையான ஊசியிலை மரம். நம் வறண்ட காட்டில் நிற்கும் வாசனைக் கட்டைச் செடியை, எரித்ராக்சிலம் மோனோகைனத்தை, தேவதாரம் என்கிறோம். பள்ளி வாசலில் வரிசையாக நடும் நெட்டிலிங்கத்தையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். பின்னவை இரண்டும் பூக்கும் மரங்கள்.

நட்டு வளர்ப்பவற்றில் நமக்குக் கிடைப்பவை: வேலியோரத் துஜா, நர்சரியில் "கிறிஸ்துமஸ் மரம்" என்று விற்கும் அராக்கேரியா. நான் அராக்கேரியாவைத்தான் சொல்வேன். நம் சமவெளியில் விற்பது பெரும்பாலும் அராக்கேரியா காலம்னாரிஸ், குக் பைன். பசிபிக்கின் நியூ கலிடோனியாத் தீவு அதன் தாயகம். கப்பல் தளபதி குக் 1774இல் அங்கே போனதால் அந்தப் பெயர். பெயரில் பைன் இருந்தாலும் பைன் குடும்பம் இல்லை, அராக்கேரியாக் குடும்பம். தாயகத்தில் 60 மீட்டர் வரை போகும். கடலோர மரம், உப்புக்காற்று தாங்கும். தொட்டியில் உயிரோடு வைத்துக் காட்டலாம் என்பது பெரிய வசதி.

வளர்ப்பில் மூன்று விஷயம். 12 அங்குலத் தொட்டி, ஆற்றுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மக்கிய எரு ஒன்று. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, கீழ் அடுக்குக் கிளைகள் முதலில் பழுக்கும். இலை உப்புக்காற்றைத் தாங்குகிறதே என்று உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றக் கூடாது. தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், வெளியேற வழி இல்லை. மூன்றாவது, பக்கக் கிளையை வெட்டிப் பதியன் போடாதீர்கள். வேர் பிடித்தாலும் அது காலம் முழுக்கப் பக்கவாட்டில்தான் வளரும், நிமிராது. அடுக்கடுக்கான கோபுர வடிவம் நடுக்குருத்திலிருந்துதான் வருகிறது. குருத்தை ஆடு கடித்துவிட்டால் அந்த வடிவம் போய்விடும்.

6 | தொண்டி மரக்கடை

அராக்கேரியா நல்லதுதான். ஆனால் தொட்டிச் செடியில் கூம்பு வராது. கூம்பு இல்லாமல் கூம்புத் தாவரத்தை எப்படிக் காட்டுவது? கொடைக்கானலில் நட்ட பைன் மரத்தின் கூம்பு கைக்குக் கிடைக்கும். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் மூடும், வெயிலில் வைத்தால் விரியும். செத்த கூம்பிலும் நடக்கும். செதிலின் அடிப்புறமும் மேற்புறமும் ஈரத்துக்கு ஒரே அளவில் ஊதுவதில்லை என்பதுதான் காரணம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. எனவே பைனை எடுங்கள் என்பது என் கட்சி.

எந்த மரத்தை எடுத்தாலும் கட்டையையும் வையுங்கள். சாரக்கட்டுச் சவுக்குக் கம்பில் ஒரு துண்டு, இறக்குமதிப் பெட்டி உடைத்த பைன் பலகையில் ஒரு துண்டு. இரண்டின் குறுக்குவெட்டு முனையையும் புது பிளேடால் ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். முன்னும் பின்னும் அறுத்தால் நார் கலைந்து துளை அடைபட்டுவிடும். சவுக்கு இரும்பு மாதிரி. ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு சீவுங்கள், இல்லாவிட்டால் பிளேடு ஒடிந்து கை கிழியும். அந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். முனையில் எச்சில் அளவுக்கு ஈரம் தொட்டு, பத்து மடங்கு லென்ஸை கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கட்டையைக் கண்ணருகே கொண்டுவாருங்கள்.

சவுக்கில் தனித்தனியாகத் துளைகள் தெரியும், அவற்றுக்குக் குறுக்கே மெல்லிய வெளிர்க் கோடுகள். பைனில் துளையே இருக்காது. வெளிர் பட்டை, அடர் பட்டை, நடுவில் அங்கொன்று இங்கொன்றாகப் பிசின் கால்வாய், அவ்வளவுதான். சவுக்கு தண்ணீரை அகலக் குழாயில் ஏற்றுகிறது. ஊசியிலை மரம் டிரக்கீடு என்ற நுண்ணிய செல்களை ஒன்றுக்கொன்று வால்வு வைத்து அடுக்கி ஏற்றுகிறது. இலையைப் பார்த்து ஏமாறலாம். கட்டையைப் பார்த்தால் ஏமாற முடியாது.

7 | உடைங்காடு

கட்டைச் சோதனைக்கு என் ஓட்டு முழுசாக உண்டு. ஆனால் பைன் என்று எழுதினால் எந்தப் பைன்? கொடைக்கானல் கூம்பு ஓர் இனம், பெட்டிப் பலகை எங்கோ வெளிநாட்டில் வளர்ந்த வேறு இனம், பாடநூல் படத்தில் இருப்பது இமயமலை இனம். தலைப்பு "ஓர் இனம்" என்கிறது. இனத்தோடு இனத்தை ஒப்பிடுகிறோம். கூம்புத் தாவரம் என்பது 600க்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரும் பிரிவு, பாட்டுப்பறவை ஒரு துணை வரிசை. இரண்டும் ஒரே படி கிடையாது. அந்தப் படியில் ஒப்பிட்டால் எண்ணெல்லாம் பொய்யாகிவிடும். "ஊசியிலை மரம் 4,800 ஆண்டுக்கு மேல் வாழும்" என்று எழுத ஆசை வரும். அது அமெரிக்க மலையுச்சியின் பிரிசில்கோன் பைனுக்கு மட்டும் உண்மை.

குக் பைன் மரமாக இருக்கட்டும். கூம்பையும் பலகைத்துண்டையும் பக்கத்து மேசையில் "பைன் குடும்பம், ஒப்புக்காக" என்று தனிச்சீட்டு ஒட்டி வையுங்கள். ஒரு வேறுபாட்டையும் எழுதலாம்: பைன் செதிலில் இரண்டு விதை. அராக்கேரியாச் செதிலில் ஒன்றுதான், அதுவும் செதிலோடு ஒட்டியே விழும்.

8 | தூக்கணாங்கூடு

பறவைக்குத் தூக்கணாங்குருவி. ராமநாதபுரத்தில் பனை இருக்கிற ஊரில் இதைவிடப் பொருத்தம் வேறு எது? ஆசின் கிளை, நெசவுக்குருவிக் குடும்பம், 15 செ.மீ. நீளம். கூடு பிள்ளைகளுக்குத் தெரியும், பறவையை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பலகைக்கான எண்கள்: கூட்டை ஏறக்குறைய முழுவதும் ஆண்தான் பின்னும். நெல், புல், ஓலை ஆகியவற்றிலிருந்து 20 முதல் 60 செ.மீ. நீளத்தில் நார் கிழிக்கும். ஒரு கூட்டுக்கு 500 நடை வரை போகும். முழுக்கூட்டுக்குச் சுமார் 18 நாள், அதில் தலைக்கவசம் மாதிரி நிற்கும் பாதிக்கூட்டுக்கு 8 நாள். அந்த நிலையில்தான் பெண் வந்து பார்வையிடும். பிடித்தால் ஆண் நுழைவுக்குழாயைப் பின்னி முடிக்கும், பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே தொங்கும். தொங்குகிற பாதிக்கூடுகளைக் குழந்தைகள் "ஊஞ்சல் கூடு" என்றும் "ஆண் தூங்கும் கூடு" என்றும் சொல்வதைக் கேட்டால் திருத்துங்கள். அது ஏற்கப்படாத கூடு. உட்சுவரில் ஈரமண் அப்பியிருக்கும். மின்மினி ஒட்டி விளக்கேற்றுகிறது என்ற பேச்சைப் பலகையில் ஏற்ற வேண்டாம்.

முட்டை 2 முதல் 4, தூய வெள்ளை. அடைகாப்பது பெண், 14 முதல் 17 நாள். குஞ்சு சுமார் 17 நாளில் கூட்டைவிட்டுப் போகும். இனப்பெருக்கம் மழையோடு சேர்ந்து வருவது. கிழிப்பதற்கு நெல்லும் நாணலும் உயர்ந்து நிற்க வேண்டும், ஊட்டுவதற்குப் பூச்சி வேண்டும்.

காட்சிக்குக் கூடு வேண்டுமென்றால் பருவம் முடிந்து தானாக விழுந்ததை மட்டும் எடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. விழுந்த கூட்டையும் இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டிவிட்டு எடுங்கள். உள்ளே உண்ணியும் எறும்பும் இருக்கும்.

9 | அலையாத்தி

இனங்கள் முடிவாகிவிட்டன. இப்போது வரிசைகளைப் பார்ப்போம். "உணவு", "மனிதருக்குப் பயன்" இரண்டையும் எடுத்துவிடலாம். மரம் ஒளியில் சமைக்கிறது, குருவி தானியம் தின்கிறது என்று எழுதினால் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடிகிற வரிசைகள்தான் ஒப்பீடு ஆகும்.

ஒன்று, குட்டிக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு. இது எனக்கு மிகப் பிடித்த வரிசை. பறவை முட்டையின் மஞ்சள்கரு தாய் முன்கூட்டியே சேர்த்தது. கருவுறுவதற்கு முன்பே தயார். ஊசியிலை மரத்திலும் விதைக்குள் கருவைச் சுற்றியிருக்கும் உணவுத்திசு, கருவுறுவதற்கு முன்பே தாய்ப்பக்கத்திலிருந்து உருவாகிவிடுகிறது. தாயின் ஒரு தொகுதி குரோமோசோம் மட்டும் அதில் இருக்கும். நெல், தென்னை போன்ற பூக்கும் தாவரங்களில் அப்படி இல்லை. முளைசூழ்தசை கருவுற்ற பிறகுதான் பிறக்கிறது, தந்தையின் பங்கும் அதில் உண்டு. தேங்காய்ப் பருப்பு அதுதான். எனவே இந்த ஒரு விஷயத்தில் குக் பைன் தென்னையைவிடத் தூக்கணாங்குருவிக்குப் பக்கத்தில் நிற்கிறது!

இரண்டு, மரபுத்தொகையின் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.) அளவு. நம் இரண்டு இனத்துக்கும் எண் போட வேண்டாம், உறவினங்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 2010இல் வெளியான வரிக்குருவி (ஸீப்ரா ஃபின்ச் என்ற பாட்டுப்பறவை) மரபுத்தொகை சுமார் 120 கோடி டி.என்.ஏ. எழுத்து. 2014இல் வெளியான லாப்லாலி பைன் சுமார் 2,200 கோடி. 18 மடங்கு. மரம் அவ்வளவு சிக்கலானது என்று பொருள் இல்லை. தன்னையே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் துண்டுகள் பல கோடி ஆண்டுகளாகக் குவிந்து, கழிக்கப்படாமல் கிடப்பதால் வந்த பருமன்.

10 | உடைங்காடு

முதல் வரிசையில் ஒரு திருத்தம். திசு கருவுறுமுன் உருவாகிறது என்பது சரி. அதில் எண்ணெயும் புரதமும் நிரம்புவது பெருமளவு கருவுற்ற பிறகுதான். முட்டையில் பாத்திரமும் சோறும் முன்கூட்டியே தயார். ஊசியிலை விதையில் பாத்திரம் முன்கூட்டியே, சோறு பிறகு. பலகையில் "உணவுத்திசு" என்றே எழுதுங்கள், "உணவு" என்று எழுதினால் தவறாகும்.

11 | அலையாத்தி

ஏற்றுக்கொள்கிறேன். பாத்திரம்-சோறு உவமையையே பலகையில் போடலாம்.

மூன்றாவது வரிசை: திசை. இதற்காகத்தான் குக் பைன் என்றதும் சந்தோஷப்பட்டேன். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்தது. மரம் நிமிர்ந்து நிற்பதில்லை. வடகோளத்தில் தெற்கே சாய்கிறது, தென்கோளத்தில் வடக்கே சாய்கிறது. எங்கே நின்றாலும் பூமத்தியரேகைப் பக்கம்! சராசரிச் சாய்வு 8.55 பாகை. ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடுகிறது. நம் கரை ஏறக்குறைய 9 பாகை வடக்கே இருப்பதால் இங்கே சாய்வு குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தூக்கணாங்கூட்டுக்கும் திசை உண்டு. இந்தியாவில் பார்த்த கூட்டங்களில் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடுகள் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றிலிருந்து ஒதுங்குவதற்காக என்று விளக்கம் சொல்கிறார்கள்.

ஆக ஒரே திசைகாட்டி, இரண்டு உயிர். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, குருவி எந்தப் பக்கம் தொங்கவிடுகிறது.

மரச் சாய்வை அளக்க: கொத்தனாரின் தூக்குக்குண்டு, ஒரு டேப். அடிமரத்தில் 2 மீட்டர் உயரத்தில் நூலை வைத்துத் தொங்கவிட்டு, அடியில் மரத்துக்கும் நூலுக்கும் இடைவெளியை அளக்கவும். 2 மீட்டருக்கு 30 செ.மீ. விலகினால் சுமார் 8.5 பாகை. செங்கோணத்தில் இரண்டு பக்கமும் அளந்தால்தான் உண்மையான திசை தெரியும். தொட்டிச் செடியை அளக்கக் கூடாது, அது சன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பும். கடற்கரையில் காற்று ஒடித்து ஒருபக்கம் வாரிவிட்ட மரத்தையும் இதில் சேர்க்காதீர்கள். காற்று கிளைத்தலையைத்தான் வாருகிறது. குக் பைனின் சாய்வு அடிமரத்திலிருந்தே தொடங்குவது.

12 | ஓலைக்கொட்டான்

கிழக்கு என்கிற விஷயத்தில் நம் கரையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனி ஆடியில் வீசுவது கச்சான் (மேல்காற்று), அது காய்ந்த காற்று. நெல்லும் புல்லும் எழும்புவது ஐப்பசி கார்த்திகை மழையில்தான், அப்போது அடிப்பது வாடையும் (வடக்கு) கொண்டலும் (கிழக்கு). மழையே வடகிழக்கிலிருந்து வரும் ஊரில் குருவி கிழக்கே தொங்கவிடுமா, மேற்கே ஒதுங்குமா? முன்கூட்டியே பலகையில் "கிழக்கு" என்று எழுதாமல், பிள்ளைகளை எண்ணவிடுங்கள். பலகையில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்.

எண்ணும் விதம்: பனையடியில் நின்று திசைகாட்டியை மரத்தண்டிலிருந்து கூட்டை நோக்கிப் பிடிக்க வேண்டும். எட்டுத் திசை போதும். குழாயுள்ள முழுக்கூடு, பாதிக்கூடு இரண்டையும் தனித்தனிக் கோட்டில் குறிக்கவும். ஒரே மரத்தில் இருக்கும் 25 கூட்டை 25 தரவு என்று கணக்கிடக் கூடாது. ஒரு குருவி தொடங்கிய பக்கத்தில்தான் மற்றதும் கட்டும், எனவே ஒரு மரம் ஒரு தரவு. 30 மரமாவது வேண்டும்.

கூடவே நாலு விஷயம் எழுதவும்: தண்ணீர் எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம், பக்கத்து மரம் எந்தப் பக்கம், ஓலை கழித்த பனையா கழிக்காததா. கண்மாய்க்கரைப் பனையில் கூடுகள் தண்ணீர்ப் பக்கமே தொங்கினால் அதற்குக் காரணம் காற்று இல்லை, கீழே பாம்பும் பூனையும் ஏறி வர முடியாத இடம் என்பதாக இருக்கலாம். பதநீருக்கு ஏறும் பனையில் ஓலை கழித்திருப்பார்கள், ஏறும் ஆளும் தினம் வருவார். அந்த மரத்தில் கூடு இல்லாததை வைத்துத் திசை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

செல்போன் திசைகாட்டி இரும்புக் கம்பத்தருகே, வண்டியருகே தப்புக் காட்டும். பத்தடி தள்ளி நின்று, போனை எட்டு வடிவத்தில் சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

13 | தூக்கணாங்கூடு

குரலையும் பதிவுசெய்து வைக்க நினைத்தால் ஒன்று சொல்கிறேன். சவுக்குத் தோப்புக்குள் நின்று பதிவு செய்யாதீர்கள். காற்றில் சவுக்கு எழுப்பும் இரைச்சல் எல்லாச் சுரத்திலும் பரவியிருக்கும். கம்ப்யூட்டரில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் மைக்கில் மோதும் காற்றின் உறுமல் போகும், சவுக்கு இரைச்சல் போகாது. குருவிச் சத்தமும் அதுவும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. பனைக்கூட்டத்தின் காற்றுமறைவுப் பக்கம், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், 15 மீட்டர் தள்ளி. போனில் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குருவி நிறுத்தும்போதெல்லாம் இரைச்சல் பொங்கி வரும். இறகடித்துக்கொண்டே கூட்டமாகச் "சிட்-சிட்" என்று தொடங்கி நீண்ட இழுப்பில் முடிக்கும் பாட்டுதான் ஆண்கள் பெண்ணை அழைப்பது. அதில் இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும்.

14 | பாக்நீர்

எல்லாருக்கும் நன்றி. பலகை இப்போது: குக் பைன், தூக்கணாங்குருவி. வரிசைகள் நாலு: வகுப்பைத் தீர்மானிப்பது எது (மூடாத விதை / சிரிங்ஸ்), உட்குழாய்கள் (டிரக்கீடு / மூச்சுக்குழாய்), குட்டியின் பாத்திரமும் சோறும், திசை. திசைக் கட்டத்தில் நம் ஊர் எண்ணுக்கு இடம் காலி. கீழே ஓரத்தில் "இவர்கள் இல்லை" என்று சவுக்கும் குயிலும்.

சவுக்குக்குக் கீழே இனப்பெயர் எழுதுவதற்காகப் பள்ளிக்குப் பின்புறத் தோப்பில் பல் எண்ணினோம். ஐந்து மரம், மரத்துக்கு ஐந்து குச்சி, குச்சிக்கு இரண்டு கணு. எல்லாவற்றிலும் 9 அல்லது 10 வருகிறது. எட்டு ஒன்றுகூட இல்லை. பச்சைக் குச்சிதான், நடுக்கணுதான். எங்கே தப்பு?

15 | உடைங்காடு

தப்பு ஒன்றும் இல்லை டீச்சர், எண்ணியது சரி. தோப்பில் காய் இருக்கிறதா என்று பாருங்கள்.

16 | பாக்நீர்

ஒரு மரத்திலும் இல்லை. தரையிலும் இல்லை. நுனியில் பழுப்புக் கதிர் மட்டும் இருக்கிறது, தட்டினால் தூள் பறக்கிறது.

17 | உடைங்காடு

அந்தத் தூள் மகரந்தம். எல்லாமே ஆண் மரம். கேசுவரினா ஜங்குனியானாவில் பல் 9 முதல் 11 வரை இருக்கும். அதையும் கடற்கரைச் சவுக்கையும் கலந்த ஓர் ஆண் கலப்பினம் 1950களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. காய் பிடிக்காது என்பதால் விதைக்கு வழி இல்லை. குச்சியை வெட்டி, வேரூக்கி மருந்தில் தொட்டு நட்டுத்தான் பெருக்குகிறார்கள். "ஜங்குனியானா" என்று நாற்றங்காலில் விற்பது பெரும்பாலும் இந்த வழிதான். உங்கள் தோப்பு அந்த வகையாகத் தோன்றுகிறது.

பலகையில் ஈக்விசெட்டிஃபோலியா என்று எழுத வேண்டாம். "சவுக்கு, கேசுவரினா பேரினம்" என்று மட்டும் போடுங்கள். காய் வேண்டுமென்றால் கடலோரத்தில் பழைய மரங்கள் நிற்கும் இடத்தில் பொறுக்குங்கள். அங்கேயும் ஐந்து குச்சி எண்ணிவிட்டு எடுங்கள், ஏழோ எட்டோ வந்தால் அந்தக் காயின் சீட்டில் முழு இனப்பெயரை எழுதலாம்.